25 லட்சம் அடி எண்ணி நடந்த பண்டிதர்

மாசி பிறந்துவிட்டால் போதும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். இந்த வருஷம் வெள்ளியங்கிரிக்கு எப்போது போவது என்பதே அந்தப் பேச்சு. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய கையோடு பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து புறப்படுவார்கள். பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, ஏழு மலைகளையும் ஏறிச் சுயம்புலிங்கத்தைத் தரிசித்துவிட்டு, மறுநாள் இறங்குவார்கள். முழங்கால் விண்விண் என்று தெறிக்கும். திங்கட்கிழமை காலையில் மெஷினுக்கு முன்னால் உட்காருவதே பெரும்பாடு ஆகிவிடும்.

அந்த ஏழு மலைகளையும் ஏறி இறங்க எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்று யாராவது எண்ணியதுண்டா? இல்லை. மூச்சு வாங்கும்போது எண்ணிக்கை எங்கே நினைவிருக்கும்?

ஆனால் எண்ணினார் ஒருவர். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்காக எண்ணினார். வெள்ளியங்கிரியைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உயரமுள்ள மலைகளின் மேல், பிடிபட்டால் தலை போகும் என்ற நிலையில், மாறுவேஷம் போட்டுக்கொண்டு எண்ணினார். உலகப் படத்தில் வெறும் வெள்ளையாகக் கிடந்த ஒரு தேசத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்தது அவருடைய எண்ணிக்கைதான். அவர் பெயர் நயின் சிங் ராவத். வேலை, பள்ளிக்கூட வாத்தியார்.

மலைக்கு அப்பால் வியாபாரம்

இமயமலைச் சாரலில், குமாவோன் பிரதேசத்தில், ஜோகார் என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அதன் கோடியில் இருக்கும் கிராமம் மிலம். அங்கே 1830-ல் நயின் சிங் பிறந்தார். அந்தப் பக்கத்து மக்களைப் போட்டியர் என்பார்கள். விவசாயத்தை விட அவர்களுக்கு வியாபாரமே பிரதானம். இங்கிருந்து தானியமும் துணியும் கொண்டுபோய்த் திபெத்தில் விற்றுவிட்டு, அங்கிருந்து உப்பும் கம்பளி ரோமமும் கொண்டு வருவார்கள். பதினேழாயிரம் அடிக்கு மேற்பட்ட கணவாய்களை ஆடுகளின் முதுகில் மூட்டையேற்றிக் கடப்பது அவர்களுக்குக் குலத்தொழில்.

திபெத்திய மொழியும், அந்த மக்களின் பழக்கவழக்கமும் நயின் சிங்குக்குச் சிறுவயதிலேயே கைவந்தன. கையில் பணம் மட்டும் தங்கவில்லை. 1855-ல் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மானிய சகோதரர்கள் இமயமலையை ஆராய வந்தபோது அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். மானசரோவர், லடாக் என்று சுற்றினார். கருவிகளைப் பிடிக்கவும், அளவுகளைக் குறிக்கவும் கற்றுக்கொண்டார். தங்களோடு ஐரோப்பாவுக்கே வந்துவிடும்படி அவர்கள் அழைத்தார்கள். அவர் போகவில்லை. ஊருக்குத் திரும்பி, மிலம் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானார். அதனால்தான் அவருக்குப் பண்டிதர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

நின்றுபோன அளவு

அந்தக் காலத்தில் இந்தியா முழுவதையும் அளந்து படம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது தொடங்கிய இடம் நம் சென்னை. 1802-ல் பரங்கிமலைப் பக்கத்தில் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி முதல் அடிக்கோட்டை அளந்தார். 1806-ல், இன்றைய திருப்பூரும் சேர்ந்திருந்த கோயம்புத்தூர்ச் சீமையில் இன்னொரு கோட்டை அளந்தார். ஒரு கோட்டைச் சங்கிலியால் துல்லியமாக அளந்துவிட்டால், மற்ற இடங்களின் தூரத்தை முக்கோணக் கணக்கால் கண்டுபிடித்துவிடலாம். இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு வடக்கே போனார்கள். நாளடைவில் இமயமலை வந்துவிட்டது.

அங்கே நின்றார்கள். அதற்கு அப்பால் திபெத். அன்னியர் உள்ளே வரக்கூடாது என்று திபெத்திய அதிகாரிகள் கதவை அடைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் தலையைக் கண்டாலே திருப்பி அனுப்பினார்கள். லாசா நகரம் எங்கே இருக்கிறது என்பது கூட உலகத்துக்குச் சரியாகத் தெரியாது.

சர்வே இலாகாவில் கேப்டன் மான்ட்கோமரிக்கு ஒரு யோசனை தோன்றியது. வெள்ளைக்காரர் போக முடியாத இடத்துக்கு எல்லைப்புறத்து இந்தியர் வியாபாரியாகவோ யாத்ரீகராகவோ போய்வருகிறார்களே! அவர்களுக்கு அளவைக் கலையைக் கற்றுக் கொடுத்தால் என்ன?

1863-ல் நயின் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு வந்து சேர்ந்தார்கள். மாதச் சம்பளம் 20 ரூபாய்.

ஜபமாலைக்குள் ஒரு மைல் கணக்கு

இரண்டு வருஷம் பயிற்சி. நட்சத்திரத்தைப் பார்த்து இடத்தைக் கணிக்க வேண்டும். திசைகாட்டியால் திசையைக் குறிக்க வேண்டும். எல்லாவற்றையும் விடக் கடினமான பாடம், நடப்பது!

நடப்பதில் என்ன பாடம் என்று தோன்றும். மேட்டில் ஏறும்போது அடி குறுகும். பள்ளத்தில் இறங்கும்போது நீளும். களைத்துவிட்டால் தள்ளாடும். ஆனால் மேடோ பள்ளமோ, ஒவ்வோர் அடியும் ஒரே நீளமாக விழவேண்டும் என்று அவர்களைப் பழக்கினார்கள். 2000 அடி வைத்தால் ஒரு மைல். அதில் பிசகக்கூடாது.

பாக்கி வேலையை ஜபமாலை செய்தது. பௌத்தர்களின் ஜபமாலையில் 108 மணிகள். இவருடைய மாலையில் எட்டைக் குறைத்து நூறாக்கினார்கள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளவேண்டும். மாலை ஒரு சுற்று முடிந்தால் பதினாயிரம் அடி, அதாவது ஐந்து மைல். பார்க்கிறவர்களுக்கு அது பக்தி. உள்ளே ஓடுவது கணக்கு.

நூல் வியாபாரம் தெரிந்த திருப்பூர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாற்பதாம் கவுண்டு நூல் என்றால், 840 கஜச் சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை. நூல் மெலிசா, தடிப்பா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை, எண்ணிச் சொல்கிறார்கள். அதே போல, தூரத்தைக் கண்ணால் மதிக்காமல் காலால் எண்ணச் சொன்னார் மான்ட்கோமரி.

கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்தில் மந்திரச் சுருள் இருப்பது வழக்கம். நயின் சிங்கின் சக்கரத்தில் வெற்றுக் காகிதச் சுருள் இருந்தது. தூரமும் திசையும் அதில் குறிக்கப்பட்டன. பெட்டிக்கு இரட்டை அடித்தட்டு. அதற்குள்ளே செக்ஸ்டண்டு என்ற கோணமானி. வெப்பமானி கைத்தடிக்குள். நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பார்க்கப் பாதரசம் வேண்டும். அது சோழிகளுக்குள் ஊற்றி மெழுகால் அடைக்கப்பட்டிருந்தது.

தலையை அடகு வைத்த பிரயாணம்

1865 ஜனவரியில் இருவரும் டேராடூனிலிருந்து புறப்பட்டார்கள். மார்ச்சில் காத்மாண்டு. அங்கிருந்து திபெத்துக்குள் நுழைய முயன்றபோது எல்லையில் தடுத்துத் திருப்பிவிட்டார்கள். கிரோங் என்ற ஊரின் அதிகாரிக்கு மணி சிங்கை முன்பே தெரியும். ஆகவே அவர் அந்த வழியாகப் போவது நடக்காத காரியம். நயின் சிங் தனித்துப் பிரிந்தார். லடாக்வாசியைப் போல உடையணிந்து, சடை வைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். இந்தத் தடவை வழி கிடைத்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. லாசாவுக்குப் போவதில்லை, போனால் உயிர்த் தண்டனைக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் முன்னால் நகர முடிந்தது.

எழுதிக் கொடுத்தவர் லாசாவை நோக்கியே நடந்தார்.

அவருடைய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். வியாபாரக் கூட்டத்தோடு போனால்தான் வழிப்பறிக்குத் தப்பலாம். கூட்டத்தோடு பேசிக்கொண்டு போனாலோ எண்ணிக்கை தவறிவிடும். ஆகவே சற்றுப் பின்தங்கித் தனியாக வருவார். யாராவது பேச்சுக் கொடுக்க நெருங்கினால் சக்கரத்தைச் சுழற்றி ஜபத்தில் ஆழ்ந்துவிடுவார். ஜபம் செய்கிறவரை இடைமறிப்பது அந்த ஊர் மரியாதை அல்ல. பன்னிரண்டு மைல் நடந்த நாள் என்றால், 24,000 அடி. மாலை இரண்டு சுற்று சுற்றி, மேலும் நாற்பது மணி. குளிர்காற்று முகத்தில் அறையும். கணவாய் உச்சியில் மூச்சு முட்டும். வாய்க்குள் எண்ணிக்கை நிற்காது. தங்கும் இடத்தில் தேநீருக்கு வெந்நீர் போடும்போது, தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று ரகசியமாகப் பார்ப்பார். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் அல்லவா? அதை வைத்து அந்த இடத்தின் உயரத்தைக் கணிக்கலாம். மற்றவர்கள் உறங்கிய பிறகு, பாதரசத்தை ஒரு பாத்திரத்தில் ஊற்றி நட்சத்திரத்தை அளப்பார். பிறகுதான் தூக்கம். விடிந்தால் மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று.

ஜங்லாச்சே என்ற இடத்திலிருந்து ஷிகாட்சே நகரம் 85 மைல். நடுவே ஓடும் சாங்போ நதியில் படகு உண்டு. கூட வந்தவர்களில் பெரும்பாலோர் படகேறிவிட்டார்கள். நயின் சிங் மட்டும் ஏறவில்லை. படகில் போனால் யார் அடியை எண்ணுவது? கரையோடு நடந்தே போய்ச் சேர்ந்தார்.

இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அவர் படகேறியிருந்தால் கண்டிக்க யாரும் இல்லை. தூரத்தைக் குத்துமதிப்பாக எழுதியிருந்தாலும் டேராடூனில் உடனே கண்டுபிடிக்க முடியாது. மேற்பார்வையாளர் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால். பார்ப்பதற்கு ஆளில்லாத இடத்தில், இருபது ரூபாய்ச் சம்பளத்துக்கு, 85 மைலை அடி அடியாக எண்ணினார் அந்த வாத்தியார்.

லாசாவில் மூன்று மாதம்

ஷிகாட்சேயில் தாஷிலுன்போ மடத்தைத் தரிசிக்க வேண்டியதாயிற்று. அங்கேயுள்ள பஞ்சன் லாமா மனிதர்களின் மனத்தில் உள்ளதை அறிந்துவிடுவார் என்று நம்பினார்கள். பண்டிதருக்கு உள்ளூர நடுக்கம். போய்ப் பார்த்தால், வீற்றிருந்தவர் பதினோரு வயதுச் சிறுவர்! ஆசி வழங்கி அனுப்பிவிட்டார்.

1866 ஜனவரி 10-ந் தேதி நயின் சிங் லாசாவில் கால் வைத்தார். மூன்று மாதத்துக்கு மேல் தங்கினார். கையிருப்புக் கரைந்தது. பழைய தொழில் கைகொடுத்தது. நேபாள வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். காஷ்மீர் வம்சத்து முஸ்லிம் வியாபாரிகள் இருவர் அவர் யார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காட்டிக் கொடுத்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். அவர்களோ ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். அவருடைய கடிகாரத்தை ஈடாக வைத்துக்கொண்டு பணமும் கொடுத்தார்கள்.

ஒரு நாள் தெருவில் ஒரு சீனரின் தலை வெட்டப்பட்டதைப் பார்த்தார். இன்னொரு நாள், கிரோங் அதிகாரியே லாசா வீதியில் போய்க்கொண்டிருந்தார்! தலையை அடகு வைத்து எழுதிக் கொடுத்தது அவரிடம்தான். பண்டிதர் அவசரமாக ஜாகையை மாற்றினார். அதன் பிறகு வெளியே தலைகாட்டுவதே அபூர்வம்.

ஆனால் அத்தனை பயத்திலும் வேலை நிற்கவில்லை. இரவுகளில் நட்சத்திரங்களை அளந்தார். லாசா 29 டிகிரி 39 நிமிஷ வட அட்சரேகையில் இருப்பதாக அவருடைய அளவுகள் காட்டின. இன்று செயற்கைக்கோள் சொல்வதும் அதே 29 டிகிரி 39 நிமிஷம்தான்.

ஏப்ரலில் புறப்பட்டு, மானசரோவர் வழியாக, 1866 அக்டோபர் 27-ந் தேதி டேராடூன் வந்து சேர்ந்தார். நடந்து அளந்த பாதை 1200 மைல். அடிக்கணக்கில் ஏறத்தாழ 25 லட்சம். 31 இடங்களின் அட்சரேகையும், 33 இடங்களின் உயரமும் கிடைத்தன. பிரம்மபுத்திரா என்று நாம் அழைக்கும் நதி திபெத்தில் சாங்போ என்ற பெயரில் ஓடும் நெடுவழி முதன்முதலாகப் படத்தில் ஏறியது.

தங்க வயலும் ஆட்டு மந்தையும்

1867-ல் மறுபடி அனுப்பினார்கள். மேற்குத் திபெத்தில் தோக் ஜாலுங் என்ற தங்க வயலைப் பார்த்து வரவேண்டும். அது 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. காற்றுக்குப் பயந்து, தரையில் ஏழெட்டு அடிப் பள்ளம் தோண்டி அதற்குள் கூடாரம் அடித்திருந்தார்கள் தொழிலாளர்கள். குளிர் தாங்காமல் முழங்காலில் தலையைக் கவிழ்த்துக் குந்தியபடியே தூங்கினார்கள். மண் சரியாமல் உறைந்து நிற்கும் என்பதால், கடுங்குளிர் காலத்தில்தான் அங்கே வேலை அதிகம்!

1874 ஜூலையில் கடைசிப் பிரயாணம். லடாக்கின் லே நகரிலிருந்து லாசா போய், அங்கிருந்து தெற்கே திரும்பி அஸ்ஸாமில் இறங்க வேண்டும். மூட்டை சுமக்க 26 ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் இருபது, இருபத்தைந்து பவுண்டுச் சுமை. வழியெல்லாம் புல்லை மேய்ந்துகொண்டே ஆயிரம் மைல் நடந்து லாசா வரை வந்தவை நாலைந்துதான். நவம்பரில் லாசாவில் நுழைந்தவருக்கு அங்கே இரண்டு நாள் கூடத் தரிக்க முடியவில்லை. லேயில் அவரை அறிந்திருந்த வியாபாரி ஒருவர் எதிரே வந்துவிட்டார். உடனே ஊரை விட்டுக் கிளம்பினார். தவாங்கில் சுமார் இரண்டு மாதம் தடுத்து வைக்கப்பட்டார். 1875 மார்ச் 1-ந் தேதி அஸ்ஸாமின் உதல்குரியில் இறங்கியபோது 1300 மைலுக்கு மேல் நடந்திருந்தார்.

அப்போது அவருக்கு வயது 44. உடம்பு தளர்ந்துவிட்டது. பனி வெளிச்சமும் கருவிகளும் கண்பார்வையைக் கெடுத்துவிட்டன. அதன் பிறகு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வாத்தியாராக மட்டும் இருந்தார்.

பெயரும் புகழும்

அவர் திபெத்தில் நடந்த காலத்தில் வெளியுலகத்துக்கு அவருடைய பெயர் தெரியாது. உயிருக்கு ஆபத்து என்பதால் அறிக்கைகளில் பண்டிதர் என்ற பட்டம் மட்டுமே வெளிவந்தது. வேலையிலிருந்து ஓய்ந்த பிறகுதான் பெயர் வெளிச்சத்துக்கு வந்தது. 1877-ல் லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் வழங்கியது. சர்க்கார் சி.ஐ.இ. பட்டமும், ரோகில்கண்டில் ஒரு கிராமத்தின் மானியமும் கொடுத்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவரும் காலமானார். 2004-ல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. திபெத்தியர் கதவை அடைத்தது வீண் பயத்தால் அல்ல. வழி தெரிந்தால் பின்னால் படை வரும் என்று நினைத்தார்கள். 1904-ல் யங்ஹஸ்பெண்ட் தலைமையில் பிரிட்டிஷ் படை வந்தே விட்டது. நவீன துப்பாக்கிகளுக்கு முன்னால் திபெத்தியர் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். கியாஞ்சியிலிருந்து லாசா வரை அந்தப் படை போனது, நயின் சிங் ஜபமாலையை உருட்டிக்கொண்டு நடந்த மார்க்கத்தில். தன் மாலையின் மணிகள் எங்கே கொண்டு விடும் என்று அவர் எண்ணிப் பார்த்தாரோ என்னவோ! வழி அளந்தவரின் உழைப்பு வேறு, அதைப் பயன்படுத்தியவர்களின் நோக்கம் வேறு. இரண்டையும் சேர்த்தே சரித்திரம் அவரை நினைக்க வேண்டியிருக்கிறது.

பிறந்த ஊரான மிலமும் மாறிவிட்டது. 1962-ல் சீனாவுடன் யுத்தம் மூண்டபோது திபெத்து வியாபாரம் அடியோடு நின்றது. கணவாய்கள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த கிராமம் வெறிச்சோடியது. கூரையிழந்த கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கோடைகாலத்தில் மட்டும் சில குடும்பங்கள் வந்து போகின்றன.

இப்போது அடிகளை எண்ண ஜபமாலை வேண்டாம். சட்டைப்பையில் இருக்கும் கைபேசி எண்ணிவிடுகிறது. வெள்ளியங்கிரி ஏறி இறங்கிய பையன் அந்தக் கணக்கை நண்பர்களிடம் பெருமையாகக் காட்டுகிறான். காட்டட்டும், ஏழு மலை ஏறியது பெருமைதான். நயின் சிங் தம் கணக்கை யாரிடமும் காட்ட முடியவில்லை. சக்கரத்துக்குள் சுருட்டி ஒளித்துக்கொண்டு நடந்தார். அதனால் ஓர் அடியைக் கூட அவர் கூட்டி எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.